வல்லாரை: ஈரநிலத்தில் கண்டுபிடித்து வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவருவது எப்படி?

வல்லாரை, தான் நிற்கும் இடத்தின் ஈரத்தைக் குடித்து வளர்கிற கொடி. அந்த ஈரம் ஊற்றுக் கசிவாகவும் இருக்கலாம், சாக்கடைக் கசிவாகவும் இருக்கலாம். இரண்டிலும் அதே பச்சை, அதே செழிப்பு. இலையைப் பார்த்து வித்தியாசம் சொல்லவே முடியாது. புதிதாக வல்லாரை தேடப் போகிறவர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

அதனால் நான் யாருக்கும் சொல்வது இதுதான்: காட்டுச் செடியிலிருந்து இலையைப் பறித்துவந்து தின்னாதீர்கள். வேர்விட்ட கொடித்துண்டு ஒன்றைக் கொண்டுவாருங்கள். நல்ல மண்ணில், நல்ல தண்ணீரில் வளர்த்து, அங்கே புதிதாக வரும் இலையைச் சாப்பிடுங்கள். இரண்டு மூன்று மாதம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே போகும். செடியைத் தெரிந்துகொள்வது, அதைப் போலவே இருக்கும் வேறு செடிகளை விலக்குவது, இடத்தைப் பார்ப்பது, கொடியை எடுப்பது, நடுவது, அறுப்பது.

கொத்தமல்லியின் சொந்தக்காரி

வல்லாரை கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சீரகம், சோம்பு, ஓமம், கேரட், செலரி எல்லாம் இதே குடும்பம்தான். பெருங்காயப் பிசின் தருகிற செடியும் இதில் அடக்கம். ஆனால் வல்லாரையைப் பார்த்தால் அப்படி ஒரு உறவு இருப்பதாகவே தோன்றாது. மற்றவற்றுக்கு இலை பிரிந்து பிரிந்து சீப்பு மாதிரி இருக்கும், பூக்கள் உயரத்தில் குடை விரித்தது போல நிற்கும். வல்லாரைக்கு ஒரே தகடாக முழு இலை. பூவோ மண்ணை ஒட்டி, இலைகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு முதலில் வைத்த அறிவியல் பெயர் ஹைட்ரோகாட்டைல் ஏசியாட்டிகா. 1879இல்தான் அது சென்டெல்லா ஏசியாட்டிகா ஆனது. பழைய நூல்களில் முந்தைய பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒரே செடி. வடமொழியில் மண்டூகபர்ணி என்பார்கள், தவளை இலை என்று பொருள். சிங்களத்தில் கொட்டுகொல, மலாயில் பெகாகா. ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் என வெயிலும் ஈரமும் சேர்ந்த இடங்களிலெல்லாம் இது தானாக வளர்கிறது. உறைபனியை மட்டும் தாங்காது.

முதல் படி: இலையையும் கொடியையும் சேர்த்துப் பாருங்கள்

வல்லாரையை இலையை மட்டும் வைத்து முடிவு செய்வதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. வட்டமான சிறிய இலை கொண்ட ஈரநிலச் செடிகள் ஏராளம். தரையில் குந்தி உட்கார்ந்து ஒரு கொடியை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். கீழே சொல்கிற எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஒன்று இடித்தாலும் விட்டுவிடுங்கள்.

இலை சிறுநீரக வடிவில் அல்லது முக்கால் வட்டமாக இருக்கும். அகலம் பெரும்பாலும் 2 முதல் 5 சென்டிமீட்டர். நிழலில் இன்னும் பெரிதாகும். விளிம்பைச் சுற்றிலும் மழுங்கிய பற்கள், கூர்மை இருக்காது. அடிப்பக்கத்தில் ஒரு பிளவு உள்ளே போகும், அந்தப் பிளவு முடிகிற புள்ளியில் காம்பு சேரும். இதை நன்றாக மனதில் பதியவைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதியில் தேவைப்படும். அதே புள்ளியிலிருந்துதான் நரம்புகளும் விசிறி மாதிரி விரியும். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெளிவாகத் தெரியும்.

காம்பு மெலிந்து நீளமாக இருக்கும். இலையின் அகலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளம் சாதாரணம். காம்பின் அடி சற்றே அகன்று, உறை போலக் கணுவைத் தழுவி நிற்கும். கொத்தமல்லித் தண்டின் அடியைக் கவனித்தவர்களுக்கு அந்தச் சாயல் பிடிபடும்.

அடுத்து கொடி. வல்லாரைக்கு நிமிர்ந்து நிற்கும் தண்டு கிடையாது. பச்சையாகவோ லேசான செம்மையாகவோ ஒரு மெல்லிய ஓடுதண்டு தரையில் படர்ந்து போகும். சில சென்டிமீட்டருக்கு ஒரு கணு. ஒவ்வொரு கணுவிலும் கீழே வேர்க்கொத்து, மேலே இலைக்கொத்து. கணுவுக்கு ஒரே ஒரு இலையாக நீளமாகப் போய்க்கொண்டே இருந்தால் சந்தேகப்படுங்கள். வல்லாரையில் முதிர்ந்த கணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிச் செடி மாதிரி இருக்கும்.

பூவைத் தேட இலைகளை ஒதுக்கிப் பார்க்க வேண்டும். குட்டைக் காம்பில் மூன்று நான்கு சின்னஞ்சிறு பூக்கள், வெளிர் சிவப்பாகவோ வெண்மையாகவோ இருக்கும். பிறகு வரும் காய் சில மில்லிமீட்டர்தான், பக்கவாட்டில் தட்டி அமுக்கியது போல, மேலே கோடு கோடாக. பூவும் காயும் கிடைத்தால் அடையாளம் உறுதிப்படும். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இலையும் கணுவும் போதும்.

கசக்கி முகர்ந்தால் மென்மையான பச்சை வாசம், அதில் கொஞ்சம் கொத்தமல்லிச் சாயல். ஆனால் வாசத்தை மட்டும் நம்ப வேண்டாம். இன்னும் அடையாளம் உறுதியாகாத எதையும் சுவைத்துப் பார்க்கவே வேண்டாம்.

இரண்டாம் படி: வல்லாரை போலவே இருப்பவை

நான் முதன்முதலாக வல்லாரை என்று வாங்கி வளர்த்தது வல்லாரையே இல்லை. பளபளவென்று காசு மாதிரி வட்ட இலை, அழகாகப் படர்ந்தது. பல மாதம் கழித்து இலையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் காம்பு இலையின் நடுவில் ஒட்டியிருப்பதைக் கண்டேன். கொடுத்தவர் ஏமாற்ற நினைக்கவில்லை, அவருக்கும் அதே பெயர்தான் சொல்லப்பட்டிருந்தது. அன்றிலிருந்து யார் வல்லாரை என்று எதைக் காட்டினாலும் முதலில் இலையைத் திருப்பிப் பார்க்கிறேன்.

அந்தச் செடி, வல்லாரையை முன்பு சேர்த்திருந்த அதே ஹைட்ரோகாட்டைல் இனத்தைச் சேர்ந்தது, ஆனால் வல்லாரை அல்ல. குளத்துக்கும் மீன்தொட்டிக்கும் அழகுக்காக வளர்ப்பது. குடைக்குக் கம்பி நடுவில் இருப்பது போல, இதன் வட்ட இலைக்குக் காம்பு நடுவில் இருக்கும், இலையில் பிளவே இருக்காது. வல்லாரைக்கோ விளிம்பிலிருந்து உள்ளே வரும் பிளவின் முனையில் காம்பு. வேறுபாடு இவ்வளவு எளிது, ஆனாலும் மிக அதிகமாக மாறிப்போவது இந்த இரண்டும்தான். ஹைட்ரோகாட்டைலிலேயே பிளவு உள்ள சின்ன வகைகளும் உண்டு. அவற்றின் இலை பெரும்பாலும் விரல்நகத்தைவிடச் சிறியதாக, மடல் மடலாக வெட்டுப்பட்டு, மினுமினுப்பாக இருக்கும்.

எலிச்செவி, அல்லது எலிக்காது இலை என்கிற கொடி அடுத்த குழப்பம். இதுவும் ஈரத்தரையில் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும், இலையும் சிறுநீரக வடிவம். ஆனால் இது கொத்தாக இலை விடாது, கொடி நெடுகிலும் ஒவ்வொன்றாக விடும். பூ மஞ்சள் நிறத்தில் சிறிய புனல் மாதிரி இருக்கும். மஞ்சள் பூ கண்ணில் பட்டால் அது வல்லாரை இல்லை. இந்த ஒரு விதி பல இடங்களில் உங்களைக் காப்பாற்றும். குளிர்நாடுகளின் சதுப்புகளில் வட்ட இலையும் பளபளப்பான மஞ்சள் பூவும் கொண்ட கால்த்தா போன்ற செடிகள் இருக்கின்றன, பச்சையாகத் தின்றால் அவை நஞ்சு.

நீர்ப்பிரம்மியின் குழப்பம் உருவத்தால் வந்ததல்ல, பெயரால் வந்தது. பிரம்மி என்ற சொல்லைச் சிலர் வல்லாரைக்கும் சிலர் நீர்ப்பிரம்மிக்கும் சொல்கிறார்கள். செடியை நேரில் பார்த்தால் சந்தேகமே வராது. நீர்ப்பிரம்மிக்குக் காம்பில்லாத, தடித்த, சின்ன இலைகள் தண்டில் எதிரெதிரே இருக்கும். பூ வெண்மை அல்லது வெளிர் ஊதா. இரண்டின் வேதிப்பொருள்களும் வேறு, குடும்பமும் வேறு. பொடியாகவோ மாத்திரையாகவோ வாங்குகிறவர்கள் பிரம்மி என்ற பெயரோடு நின்றுவிடாமல் அறிவியல் பெயரையும் பார்க்க வேண்டும்.

டைக்கோண்ட்ரா என்றொரு தரைப்படர் செடி புல்தரைக்குப் பதிலாக வளர்க்கப்படுகிறது. அதன் இலை விளிம்பில் பல்லே இருக்காது, வழவழவென்று போகும்.

குடும்பத்தில் கொல்லக்கூடியவையும் உண்டு

வல்லாரையைச் சரியாக அடையாளம் கண்டவுடன் சிலருக்கு ஆர்வம் பெருகி, பக்கத்தில் நிற்கும் மற்றச் செடிகளையும் தின்று பார்க்கத் தோன்றும். இந்தக் குடும்பத்தில் அது மிக ஆபத்து. ஈரநிலத்தில் வளரும் சிகூட்டா வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள மிகக் கொடிய நச்சுச் செடிகளில் ஒன்று. அதன் கிழங்கில் சிறிதளவு போதும், வலிப்பு வந்து உயிர் போய்விடும். கி.மு. 399இல் சாக்ரடீஸுக்குக் கொடுக்கப்பட்ட நஞ்சு கோனியம் என்ற செடியின் சாறு என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அதுவும் இதே குடும்பம்தான்.

இனம் ஒன்றாக இருந்தாலும் நம்ப முடியாது என்பதற்கு ஈனான்தி நல்ல உதாரணம். அதில் ஜவானிகா என்ற வகையைக் கிழக்காசியாவில் கீரையாகப் பயிரிட்டே சாப்பிடுகிறார்கள். அதே இனத்தின் குரொகாட்டா என்ற வகை மேற்கு ஐரோப்பாவின் ஓடைக்கரைகளில் வளர்கிறது, அதன் கிழங்கு ஆளைக் கொன்றுவிடும்.

இந்த நச்சுச் செடிகள் எதுவும் வல்லாரை மாதிரி இருக்காது. நிமிர்ந்த தண்டு, பிரிந்து பிரிந்த இலை, உச்சியில் வெள்ளைக் குடை போன்ற பூங்கொத்து. தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு விதி இது: ஈரமான இடத்தில் கேரட் இலையோ கொத்தமல்லி இலையோ போன்ற எதையும், வெள்ளைக் குடைப் பூ உள்ள எதையும் பறிக்காதீர்கள். வல்லாரை தரையோடு படர்ந்திருக்கும், இலை முழுசாக இருக்கும். கொடியை எடுக்கும்போது பக்கத்துச் செடியின் இலையோ வேரோ கையோடு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: இடத்தைப் படியுங்கள்

வல்லாரை வரப்பு ஓரம், வாய்க்கால் கரை, ஓடைப் படுகை, குளத்தின் ஈர விளிம்பு, மலைச்சரிவில் நீர் கசியும் இடம் என்று பல இடங்களில் இருக்கும். மழை பெய்து சில வாரம் ஆன பிறகு கொடி நன்றாக ஓடியிருக்கும், தேடுவது எளிது. கடும் வெயில் காலத்தில் இலை சுருங்கிப் புல்லுக்குள் மறைந்துவிடும்.

செடி கிடைத்தவுடன் கீழே குனியாதீர்கள். முதலில் நிமிர்ந்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வந்த வழியே கொஞ்ச தூரம் மேலே நடந்துபோய்ப் பாருங்கள். வீட்டுக் கழிவுநீர் சேர்கிறதா, பட்டறையோ ஆலையோ இருக்கிறதா, குப்பை கொட்டுகிறார்களா, சாலை வழிநீர் இறங்குகிறதா, வயலில் களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அடித்திருக்கிறார்களா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுவதுதான் நல்லது. வல்லாரை மண்ணிலும் நீரிலும் உள்ள ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களை உறிஞ்சிக்கொள்ளும். வேரில்தான் அதிகம் தங்கும், இலைக்கும் போகும். எத்தனை முறை கழுவினாலும், எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் உலோகம் போகாது.

கிருமிகளின் கதை வேறு. ஆடுமாடு மேயும் ஈரநிலங்களில் கல்லீரல் தட்டைப்புழு இருக்கக்கூடும். சாணத்தோடு வெளியேறும் முட்டை தண்ணீரில் பொரித்து, நத்தைக்குள் புகுந்து வளர்ந்து, பிறகு வெளியே வந்து நீரோரச் செடிகளின் இலையிலும் தண்டிலும் கண்ணுக்குத் தெரியாத கூடாக ஒட்டிக்கொள்ளும். அந்த இலையைப் பச்சையாகத் தின்கிறவரின் குடலுக்குள் கூடு உடைந்து, புழு கல்லீரலைத் தேடிப் போகிறது. கழுவினால் இந்தக் கூடு முழுசாக விலகும் என்று சொல்ல முடியாது, நன்றாக வேகவைத்தால்தான் சாகும். சுற்றிலும் சாணம், தண்ணீரில் நத்தை, கரையில் வல்லாரை, இந்த மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் அங்கே ஒரு இலையைக்கூடப் பச்சையாக வாயில் வைக்காதீர்கள். வீட்டுத் தொட்டி வல்லாரையை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு உலோகமும் இந்தப் புழுவும்தான் காரணம்.

உங்களுக்கும் பாதுகாப்பு வேண்டும். தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால் தோலிலுள்ள சிறு காயம் வழியாகக்கூட எலிக்காய்ச்சல் தொற்றும். கம்பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். கையில் காயம் இருந்தால் கையுறை கட்டாயம். புல் அடர்ந்த இடத்தில் கைவிடும் முன் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள், பாம்பு ஒதுங்கிப் போகும். அப்புறம், அது யாருடைய நிலம் என்று கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். காப்புக்காடு, சரணாலயம் போன்ற இடங்களில் எதையும் எடுக்கக் கூடாது.

நான்காம் படி: கொடியை எடுப்பது

ஐந்தாறு துண்டுகள் போதும். ஒரு தொட்டி நிறைய அதுவே தாராளம். மூட்டையாகப் பிடுங்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அதில் முக்கால்வாசி வழியிலேயே வாடிக் குப்பைக்குத்தான் போகிறது.

ஒரு துண்டில் வேர்விட்ட கணு இரண்டு மூன்று இருக்கட்டும். இடையில் உள்ள வெறும் தண்டைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள், இழுக்காதீர்கள். இழுத்தால் வேர் அறுந்து வெறும் தண்டு மட்டும் கையில் வரும். கணுவுக்கு அடியில் விரலை விட்டுக் கொஞ்சம் மண்ணோடு நெம்பினால் வேர் முழுசாக வந்துவிடும். படர்ந்த திட்டின் நடுவை விட்டுவிட்டு ஓரத்தில் எடுங்கள். இளம் கணுக்கள் அங்கேதான் இருக்கும், சீக்கிரம் பிடிக்கும்.

ஈரத் துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வைத்து நிழலில் கொண்டுவாருங்கள். அன்றைக்கே நடுவது சிறந்தது. முடியாவிட்டால் மறுநாள்வரை தாங்கும்.

வீட்டுக்கு வந்ததும் வேரிலுள்ள பழைய மண்ணைத் தண்ணீரில் அலசி எடுத்துவிடுங்கள். நத்தை முட்டை, களைவிதை எல்லாம் அதோடு போய்விடும். நீளமான வேர்களை 2 சென்டிமீட்டர் அளவுக்குக் கத்தரித்துவிடலாம். முதிர்ந்த இலைகளை எல்லாம் கிள்ளி எறியுங்கள். ஒவ்வொரு கணுவிலும் நடுவில் சுருண்டிருக்கும் குருத்து மட்டும் இருந்தால் போதும். மனசு வராதுதான், ஆனால் அந்த இலைகள் எப்படியும் வாடப்போகின்றன. அவற்றைச் சுமந்துகொண்டிருந்தால் புது வேர் பிடிக்கத் தாமதமாகும்.

ஐந்தாம் படி: நடுவது

வல்லாரைக்கு ஆழமான தொட்டி வீண். 15 சென்டிமீட்டர் ஆழம் போதும், அகலம்தான் வேண்டும். கொடி ஓட இடமிருந்தால் கணு கூடும், கணு கூடினால் இலை கூடும். பழைய பிளாஸ்டிக் டப் ஒன்றின் அடியில் துளை போட்டாலே அருமையான தொட்டி. பெயிண்ட், ரசாயனம் வைத்திருந்த டப்பா மட்டும் வேண்டாம்.

தோட்டமண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, மணல் அரைப் பங்கு. மண்ணை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதிலும் மேலே சொன்ன அதே எச்சரிக்கை பொருந்தும், சாலையோர மண்ணை அள்ளிவந்துவிடாதீர்கள். சேறு மாதிரி இறுகும் களிமண்ணானால் மணலைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மண்ணை நனைத்துவிட்டுக் கொடியை மேலே படுக்கவையுங்கள். கணு மண்ணைத் தொட வேண்டும், வேர் உள்ளே போக வேண்டும், குருத்து வெளியே இருக்க வேண்டும். குருத்தைப் புதைத்தால் அழுகிவிடும். கொடி துள்ளி எழுந்தால் ஒரு சின்னக் கல்லையோ, வளைத்த கம்பியையோ கணுவுக்குப் பக்கத்தில் வைத்து அமுக்குங்கள். துண்டுக்குத் துண்டு ஒரு சாண் இடைவெளி விடலாம்.

முதல் வாரம் முழு நிழல். அந்த நாட்களில் செடி செத்துப்போனது மாதிரித்தான் தெரியும், பதறாதீர்கள், பிடுங்கிப் பார்க்காதீர்கள். குருத்து பச்சையாக இருக்கும்வரை நம்பிக்கை உண்டு. புது இலை ஒன்று விரிந்ததும் காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் படும் இடத்துக்கு நகர்த்துங்கள். விதையிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் முளைப்பது மெதுவாக, ஒரு சீராக இல்லாமல் இருக்கும். கொடி கிடைக்கும்போது விதைக்காகக் காத்திருக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஆறாம் படி: தண்ணீரும் வெயிலும்

மண் காயக் கூடாது, இதுதான் முழுப் பராமரிப்பும். வெயில் காலத்தில் தினம் இரண்டு முறைகூட ஊற்ற வேண்டியிருக்கும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்கவிட்டால் வேலை மிச்சம். ஆனால் அந்தத் தண்ணீரை வாரம் இரண்டு முறை கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு வளர்க்கும் தட்டாகிவிடும். தட்டில் மணலை நிரப்பி அதை ஈரமாக வைப்பது இன்னும் நல்ல வழி.

செடி தன் குறையை இலையில் சொல்லும். காம்பு நெடுநெடுவென்று நீண்டு இலை வெளிறினால் வெளிச்சம் போதவில்லை. இலை சிறுத்துச் செம்மை ஏறி, தடித்துப்போனால் வெயில் அதிகம். விளிம்பு பழுப்பாகக் கருகினால் பெரும்பாலும் தண்ணீரில் உப்பு கூடுதல், மழைநீர் கிடைத்தால் நன்றாக ஊற்றி மண்ணை அலசிவிடுங்கள். மொத்தமாக மஞ்சளடித்தால் ஒரு கைப்பிடி மக்கிய உரத்தைத் தூவி நீர் ஊற்றிப் பாருங்கள். இரவில் இலையில் ஓட்டை விழுந்தால் நத்தைதான், விளக்கோடு வந்து பொறுக்கி எடுத்துவிடலாம். மாவுப்பூச்சி வந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தினால் போதும். மருந்து அடிக்காதீர்கள், அப்படியே தின்னப்போகிற இலை இது.

குளிர்நாட்டில் இருப்பவர்கள் உறைபனிக்கு முன் தொட்டியை வீட்டுக்குள், வெளிச்சம் வரும் சன்னல் ஓரத்தில் வைத்துவிட வேண்டும். வளர்ச்சி நின்றாற்போல இருக்கும், வெயில் திரும்பியதும் மறுபடி ஓடும்.

ஏழாம் படி: அறுப்பதும் சாப்பிடுவதும்

நட்டதிலிருந்து முதலில் வரும் இலைகளைச் சாப்பிட வேண்டாம் என்பது என் வழக்கம். கொடி புதிதாக ஓடி, இந்த மண்ணிலேயே வேர்விட்ட கணுக்களில் வரும் இலையிலிருந்துதான் பறிக்கத் தொடங்குவேன். அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். பழைய இடத்திலிருந்து வந்த தாய்க்கணுக்களை அப்போது வெட்டி எடுத்துவிடலாம், மகள் செடிகள் தனியாக நின்றுகொள்ளும்.

அறுக்கும்போது காம்பைத் தரைக்குச் சற்று மேலே கத்தரிக்கோலால் வெட்டுங்கள். ஒரு கொத்தில் வெளிப்பக்க இலைகளை எடுத்துக் குருத்தையும் ஓரிரு இளம் இலைகளையும் விட்டுவையுங்கள். ஒரே நேரத்தில் தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருந்தால், தொட்டி காலியாகவே ஆகாது.

ஓடும் தண்ணீரில் ஒவ்வொரு இலையாகக் கழுவுங்கள், பிளவில்தான் மண் தங்கும். காம்புகளைத் தண்ணீரில் நிறுத்திவைத்தால் ஓரிரு நாள் வாடாமல் இருக்கும். ஈரத் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள்.

முதல் முறை இரண்டு மூன்று இலை போதும். லேசான கசப்பும் துவர்ப்பும் நாக்கில் நிற்கும். இளம் இலையைப் பச்சையாகவே மெல்லலாம், முதிர்ந்த இலைக்கும் நாரோடிய காம்புக்கும் வேகவைப்பதே ஏற்றது. வெந்தால் கசப்பும் குறையும். தோலில் அரிப்போ தடிப்போ வந்தால் நிறுத்திவிடுங்கள், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

நினைவாற்றல் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். வல்லாரையில் ஏசியாட்டிகோசைடு, மேடகாசோசைடு போன்ற டிரைடெர்ப்பீன் பொருள்கள் இருக்கின்றன. காயம் ஆறுவதற்கும் தோலுக்கும் உள்ள பூச்சுகளில் இதன் சாரம் பயன்படுகிறது. நினைவாற்றலைக் கூட்டும் என்பதற்கு மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் இன்னும் உறுதியான சான்று தரவில்லை. பிள்ளைக்குத் தேர்வு வருகிறது என்று கைநிறைய ஊட்ட வேண்டியதில்லை. ஒரு நல்ல கீரையாக, வாரத்தில் ஓரிரு நாள், ஒரு பிடி. அதற்கு மேல் எதையும் அதன் தலையில் சுமத்த எனக்கு விருப்பமில்லை.

மாத்திரையும் சாரமும் கீரை போல அல்ல, அவற்றில் அளவு கூடிப்போகும். 2005இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பில், வல்லாரை மாத்திரையைச் சில வாரங்கள் எடுத்துக்கொண்ட மூன்று பெண்களுக்கு மஞ்சள் காமாலையோடு கல்லீரல் பாதிப்பு வந்தது பதிவாகியிருக்கிறது. நிறுத்தியதும் தேறினார்கள். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், தூக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடர்ந்து எடுக்கக் கூடாது. திறந்த காயத்தில் இலையை அரைத்துக் கட்டுவதும் வேண்டாம். மண்ணை ஒட்டி வளரும் இலை, அதில் உள்ள கிருமி காயத்துக்குள் போய்விடும்.

ஓராண்டு கழித்து

தொட்டி முழுக்கக் கொடி நிறைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இலை சிறுக்க ஆரம்பிக்கும். அப்போது எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பழைய கட்டை வேர்களைக் கழித்துவிட்டு, ஓரத்து இளம் கணுக்களை மட்டும் புது மண்ணில் நடுங்கள். மீந்த கணுக்கள் நிறைய இருக்கும். அவற்றை யாருக்காவது கொடுங்கள். உங்கள் தொட்டி மண்ணில் பிறந்த கொடி என்பதால், எந்த வாய்க்காலில் வளர்ந்ததோ என்ற கவலை அவர்களுக்கு வேண்டியதில்லை. கொடுக்கும்போது இலையைத் திருப்பி, காம்பு சேரும் இடத்தையும் காட்டிக் கொடுங்கள்.